ஒரு சாயங்காலத்துக்கு ஒரு ஸ்டேடியம்

என் மாமனார் அமெரிக்காவில் இருபது வருஷம் நாற்காலி தள்ளிப் பிழைத்தவர். கேட்பதற்கு ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் அதுதான் அவர் வேலை. நாங்கள் இருக்கும் நகரத்தில் வட்டமாக, பெரிய கான்கிரீட் ஸ்டேடியம் ஒன்று இருந்தது. கோடையில் அதில் பேஸ்பால். குளிர் தொடங்கினால் அவர்களுடைய ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. முதல் ஆட்டத்துக்கு மைதானம் விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டும், அடுத்ததற்கு நீளவாக்கில் வேண்டும். ஆகவே ஒரு ஆட்டம் முடிந்ததும் ஒரு கூட்டம் உள்ளே இறங்கி, சக்கரம் வைத்த கேலரிகளைத் தண்டவாளத்தில் தள்ளி, பச்சை விரிப்பைச் சுருட்டி, அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தை மாற்றிப் போடும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் மாமனார் ஞானதாஸ், கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்காரர். நர்ஸாக வந்த என் மாமியாரின் பின்னால் விமானம் ஏறி வந்தவர்.

அந்த ஸ்டேடியத்தைப் போன வருஷம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆட்டத்துக்கு ஒன்றாகப் புதிதாகக் கட்டிக்கொள்ளப் போகிறார்களாம், இரண்டுக்கும் பொதுவான மைதானம் இனிமேல் நாகரிகம் இல்லையாம். ஊரே காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாம் புழுதி. மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவராகவே சொன்னார்: “போட்டும். நம்ம ஊருல ஒண்ணு நிக்குதுல்லா.”

நின்றது அவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஊருக்குப் போய்த் தன் பங்கு வயலில், அதே வட்டத்தில், கருங்கல் பலகைகளைப் படியாக அடுக்கி, தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டு, ஒரு குட்டி பேஸ்பால் ஸ்டேடியம் கட்டிவிட்டு வந்திருந்தார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பேஸ்பால்! பைத்தியம் என்று நான் என் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மூட்டுவலி வந்தபிறகு மாமாவால் விமானத்தில் உட்கார முடியவில்லை. மாதாமாதம் ஊருக்கு போன் செய்து ஸ்கோர் கேட்பதோடு சரி.

ஆகவே, சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் கும்பகோணம் கிளம்பியபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “ஒரு எட்டு போயிட்டு வா மக்களே. ஹோம் பேஸ்ல, அதான் மட்டை பிடிக்கிற எடத்துல, ஏறி நிண்ணு, பின்னால கேலரி தெரிய ஒரு போட்டோ எடுத்துட்டு வா. எனக்கு அது போரும்.”

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரி. கல்யாணம் நடந்ததே அமெரிக்காவில், குடித்தனமும் அங்கேயே. புகுந்த வீட்டு ஊரை நான் பார்த்ததே கிடையாது. அதனால் சொல்கிறேன், என் வரையில் அமெரிக்கா உள்ளூர், பாறசாலைதான் வெளிநாடு.

கல்யாணம் முடிந்து நான் ஏறிய ரயில் பாறசாலையில் நின்றபோது என் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டி நின்றது. கல்யாணச் சீர்ப் பலகாரக் கூடையோடு ஜல்லியில் குதித்ததில் செருப்பு வார் அறுந்தது. கூடையிலிருந்து அதிரசங்கள் உருண்டன. அப்போது குடையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் ஓடிவந்து முதலில் அதிரசங்களைப் பொறுக்கினார், பிறகுதான் என்னைப் பார்த்தார். அசல் மாமா முகம், மீசை மட்டும் கூடுதல். மாமாவின் தம்பி சாமுவேல்.

“அண்ணனுக்க மருமவளா? வா மக்களே, வா. வண்டி உண்டு” என்றார்.

வண்டி என்பது ஓர் ஆட்டோ. ஓட்டியவர் ராஜன், முப்பது வயசு, நெற்றியில் சந்தனக் கீற்று. ஸ்டேடியத்தின் பேஸ்பால் டீமுக்கு அவர்தான் கேப்டன் என்று மாமா பெருமையாகச் சொல்லியிருந்தார். “நேரா ஸ்டேடியத்துக்கு விடுங்க, ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடலாம்” என்றேன். ராஜன் சாமுவேல் மாமாவைப் பார்த்தார். அவர் குடையைப் பார்த்தார்.

“இண்ணைக்கு வேண்டாம். களைச்சு வந்திருக்க. முதல்ல ஆகாரம்.”

ஆகாரத்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சாமுவேல் மாமாவின் மனைவி லீலாபாய் அத்தை, இங்கே மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, தேங்காய் அரைத்துவிட்ட நெத்திலிக் கறியை மேலே ஊற்றினார். எங்கள் பக்கம் கிழங்கு என்றால் பண்டம், இங்கே அது சோறு. சோறு வேறு தனியாக வந்தது, சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் நெல்லிக்காய் கனம். பொன்னி அரிசி தின்று வளர்ந்த எனக்குத் தாடை வலித்தது. “இன்னும் இத்திரி” என்று அத்தை போட்டுக்கொண்டே இருந்தார். இத்திரி என்றால் கொஞ்சம் என்று பிறகுதான் தெரிந்தது. அத்தையின் கொஞ்சம் எங்கள் ஊரில் மூன்று பேர் சாப்பாடு.

மறுநாள் காலையில் நான் கேமராவோடு தயார். “இண்ணைக்கு பந்த் ஆக்கும்” என்றார் சாமுவேல் மாமா, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. யார் அழைத்த பந்த், எதற்கு என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. ஜனங்கள் அதை மழைக்கால விடுமுறை மாதிரி எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

“நடந்து போறேன், வழி சொல்லுங்க.”

“தூரம் மக்களே.”

“வீட்டிலேர்ந்து கூப்பிடு தூரம்னுதானே அங்கே மாமா சொன்னார்?”

அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் நடப்பேன். ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். பால் வடியும் சிரட்டைகள் மரத்துக்கு மரம் தொங்கின. அதைத் தாண்டியதும் பள்ளத்தில் வயல்வெளி. இந்தப் பக்கத்தில் ஏலா என்கிறார்கள். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. நடுவில் ஒரு சின்ன ஓடை. ஸ்டேடியம் எங்கேயும் இல்லை. வழி தவறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஓடைக்கரையில் ஓர் அம்மாள் துணியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். “இங்கே ஸ்டேடியம் எங்கேம்மா இருக்கு?” என்றேன். அவர் துணியை நிறுத்தி, துவைத்துக்கொண்டிருந்த கல்லைக் கையால் தட்டினார்.

“இதாக்கும்.”

நீளமான கருங்கல் பலகை. சோப்பு நுரையை வழித்துவிட்டுக் காட்டினார். வெள்ளை பெயிண்டில், அமெரிக்கக்காரன் போடுகிற மாதிரி, 14. அந்த ஒன்றின் தலையில் இருந்த சின்னக் கொக்கி என் மாமாவின் கையெழுத்து. எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில்கூட வீட்டு நம்பரை அவர் அப்படித்தான் எழுதுவார்.

மத்தியானம் சாமுவேல் மாமாவிடம் நான் பேசியது நல்ல பேச்சு இல்லை. “அங்கே ஒரு மனுஷன் ஒண்ணைப் பறிகொடுத்துட்டு, இன்னொண்ணு நிக்குதுன்னு மூச்சைப் பிடிச்சிக்கிட்டிருக்கார். நீங்க அதை உடைச்சுத் துணி துவைக்கிறீங்களா?” என்று கேட்டேன். பறிகொடுத்தார் என்றதும்தான் அவர் தலை நிமிர்ந்தார். அமெரிக்க ஸ்டேடியத்தை இடித்த விஷயமே இவர்களுக்குத் தெரியாது. ஊருக்குச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள் என்று மாமா மறைத்திருக்கிறார்.

“ஐயோ, அதும் போச்சா?” என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம்தான் கதை முழுசாக வந்தது. ஸ்டேடியம் கட்டின புதிதில் ஊரே கொண்டாடியிருக்கிறது. மாமா சொன்னதைவிட அது பல காரியங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. காலையில் கல்படிகளில் ரப்பர் ஷீட் காய்ந்தது. சாயங்காலம் பேஸ்பால். இடையில் கிறிஸ்தவச் சபையின் கன்வென்ஷன் கூட்டம், கோயில் திருவிழா நாடகம். ஒருத்தன் ராப்பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டிய யக்ஞமும் அங்கேதான். பேஸ்பால் பார்க்க வந்தவர்கள், யாரும் சொல்லாமலே, சபையில் உட்காருவதுபோல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்களாம். பந்து பெண்கள் பக்கம் விழுந்தால் எடுக்கப் போகக் கூச்சப்பட்டு, ஆட்டக்காரன் தூரத்தில் நின்று கையைப் பிசைவானாம். அதற்குள் எதிராளி மைதானத்தின் நாலு மூலைப் பேஸும் ஓடி முடித்துவிடுவான்.

கெடுத்தது மழை. வயலின் நடுவில் வட்டமாகச் சுவர் எழுப்பினால் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எங்கே போகும்? முதல் வருஷம் ஸ்டேடியம் குளமானது, பிள்ளைகள் நீந்தினார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் சுற்றியிருந்த கிணறுகள் கலங்கின, மரச்சீனி அழுகியது. அதற்கடுத்த மழையில் பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே தூங்கியவர்கள் தப்பியது அவர்கள் புண்ணியம்.

“ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கடப்பாரையோட வந்து நிண்ணானுவ. ஒருத்தன் தொடல்ல. அண்ணனுக்க கல்லுல்லா? பின்னே நான்தான் முதல்ல அடிச்சேன்” என்றார் சாமுவேல் மாமா. அதைச் சொல்லும்போது அழுதார். எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கற்களைச் சபையின் அறுப்புப் பண்டிகையில் ஏலம் விட்டிருக்கிறார்கள். அங்கே ஏலம் ஒரு தினுசு. ஒருத்தர் கேட்டு எடுத்த பொருளை அப்படியே சபைக்குத் திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் நாலு தரம் விலைபோவது உண்டாம். பதினாலாம் நம்பர் கல்லும் அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஓடைக்கரைக்குப் போயிருக்கிறது. வந்த பணமெல்லாம் சுவர் இடிந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குப் போனது.

“அப்போ மாசாமாசம் ஸ்கோர்?” என்றேன்.

மூன்றாம் நாள் ஆட்டோவில் போகும்போது ராஜனே ஒப்புக்கொண்டார். எஸ்.டி.டி. பூத்துக்கு மாமாவின் போன் வரும். இவர் போய், போனிலேயே கற்பனையாக ஒரு ஆட்டத்தை நடத்துவார்.

“எப்பவும் நீங்களே ஜெயிப்பீங்களா?”

“அது சரியாவாது அக்கா. எப்பவும் நாமளே ஜெயிச்சா சம்சயம் வரும். ஒரு மாசம் நாங்க, மறு மாசம் ஆரியங்கோடு டீம். ஒரு தடவை ரொம்ப நல்லா தோத்துப்போனோம். ஞானதாஸ் சார் அரைமணி நேரம் சமாதானம் சொன்னாரு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.”

அவரை அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

அன்று முழுக்க ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்தேன், அது ஊர் ஊராகக் கிடந்தபடி. அதியன்னூரில் ஒரு வீட்டில் 3 வாசற்படி. ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு அடியில் 22. சாயாக்கடையில் பெஞ்சாக 9. அதில் உட்கார்ந்துதான் பழம்பொரி தின்றேன். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, கூடவே பால் இல்லாத சாயா. கும்பகோணத்துக்காரியான என்னை அந்தக் கறுப்புத் தண்ணீர் குடிக்க வைத்ததற்கு இந்த ஊருக்கு மன்னிப்பே கிடையாது, பழம்பொரிக்காக வேண்டுமானால் போனால் போகிறது. பாலராமபுரத்தில் தறிக்காரர் வீட்டில் ஒரு சேலை எடுத்தேன். அவரும் கல்லைப் பற்றிக் கேட்டார், “எங்களுக்குக் கிட்டாம போச்சே” என்று வருத்தப்பட்டார்.

“எல்லாம் சரி, ஹோம் பேஸ் எங்கே? அதில்தான் நான் நிற்கணும்” என்றேன்.

ராஜன் ஆட்டோவை ஓரம் கட்டினார். திரும்பி என் காலைக் காட்டினார். ஆட்டோவின் பின்பக்கம், கால் வைக்கும் இடத்தில், ஐந்து மூலையாக ஒரு கனத்த ரப்பர் விரிப்பு. ஊர் ரப்பரிலேயே மாமா வார்த்து எடுத்த ஹோம் பேஸ். ரயிலடியிலிருந்து வந்த அன்றும் இன்றும் என் கால் அதன்மேல்தான் இருந்தது.

“கொண்டு போய் எறிய மனசு வரல்ல அக்கா.”

இரவுச் சாப்பாட்டில் அத்தைதான் ஆரம்பித்தார். “எல்லாம் நம்ம ஊருக்குள்ளதானே கெடக்கு? ஒரு சாயங்காலத்துக்குக் கொண்டு வந்து வச்சா என்ன?”

நான் முறைத்தேன். “என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இதுல பொய் எங்க இருக்கு மக்களே? அதே கல்லு, அதே எடம், அதே ஆளுவ” என்றார் சாமுவேல் மாமா. பிறகு குரல் தாழ்ந்தது. “அங்க உள்ளது போன அண்ணைக்கு அண்ணன் சாப்பிடல்லண்ணு சொன்னியே. இதையும் சொன்னா அண்ணன் தாங்க மாட்டாரு.”

நான் யோசித்துச் சொன்னேன்: “போட்டோ எடுக்கிறேன். நானா வாயைத் திறக்க மாட்டேன். ஆனா மாமா கேட்டார்னா உள்ளதைச் சொல்லிடுவேன். அதுக்குச் சம்மதம்னா செய்யுங்க.”

சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பு வாசித்தார்கள், கோயில் மைக்கிலும் சொன்னார்கள். வெயில் தாழ்ந்ததும் கற்கள் வரத் தொடங்கின. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாலு பேர் கழி கட்டித் தூக்கி வந்தார்கள், தள்ளுவண்டியில் வந்தது, ஆட்டோவில் குறுக்கே வைத்து வந்தது. துவைக்கிற அம்மாள் பதினாலாம் நம்பரைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் துணி சுற்றி, பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்பியிருந்தார். அதியன்னூர் வீட்டுக்காரர் வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டில் அன்று எல்லோரும் தாண்டித்தான் இறங்கினார்களாம். சாயாக்கடைக்காரர் பெஞ்சோடு சாயாவும் கொண்டு வந்து அங்கேயே விற்றார்.

வயல் தாளின்மேல் நாலு வரிசைக்கு அடுக்கினார்கள். வரிசையும் ஒழுங்கும் கேட்காதீர்கள், வந்தது வந்தபடி வைத்தார்கள். “அங்கோட்டு தள்ளு”, “இங்கோட்டு கொண்டு வா” என்று ஆளுக்கு ஆள் கேப்டன். ராஜன் ஆட்டோவிலிருந்து ரப்பர் விரிப்பைக் கழற்றி, ஓடைத் தண்ணீரில் கழுவி, இடம் பார்த்துப் போட்டார். நான் ஏறி நின்றேன். அத்தை என் கேமராவை வாங்கி, தலை வெட்டுப்படாமல் ஒன்று எடுத்தார்.

எடுத்ததும் கலைந்திருக்கலாம். யாரும் கலையவில்லை. ராஜன் எங்கிருந்தோ மட்டையை எடுத்து வந்துவிட்டார். ஆண்கள் இடப் பக்கம், பெண்கள் வலப் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் அமெரிக்கக்காரியாயிற்றே என்று என்னை நடுவராக்கினார்கள். எனக்கு ஆட்டத்தில் ஓர் அட்சரம் தெரியாது. “அவுட்” என்றேன், சண்டை வந்தது. “அவுட் இல்லை” என்றேன், இன்னொரு சண்டை வந்தது. இருட்டும் வரை ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கல்லை அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நசுங்கின தாளைத் தவிர வயலில் ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பி, படத்தைக் கழுவி, மாமாவின் கையில் கொடுத்தேன். சன்னல் பக்கம் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் சமையலறையில் நின்றபடி காய் நறுக்குவதுபோல் நடித்தேன்.

“மக்களே, இங்க வா. பதினாலு எதுக்கு மூணுக்குப் பக்கத்துல இருக்கு?”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “இடிச்சிட்டானுவ. இல்லியா?”

“ஆமா மாமா.”

எல்லாம் சொன்னேன். தண்ணீர் தேங்கியது, சுவர் விழுந்தது, சாமுவேல் மாமா முதல் அடி அடித்தது, ஏலம், ராஜனின் தோல்விகள் எல்லாம். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“இப்போ வெள்ளம் வடியுதா?”

“வடியுது. அறுப்பு முடிஞ்ச வயல்லதான் நான் நிக்கிறேன், பாருங்க.”

“அப்போ இந்தக் கல்லு எல்லாம்?”

“கழி கட்டி, வண்டியில, ஆட்டோவில கொண்டு வந்தாங்க. உங்களுக்குப் போட்டோ வேணும்னு. ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அண்ணைக்கேவா?”

“அன்னிக்கே. காலையில துணி துவைக்கணும்ல?”

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு.

“இருபது வருஷம் நான் செய்த ஜோலி அதாக்கும். ஆட்டத்துக்குப் போடுவோம், முடிஞ்சா எடுப்போம். நான் போய் அதைக் கல்லுல கட்டி வச்சேன் பாரு. அவனுவளுக்கு ஜோலி தெரிஞ்சிருக்கு.”

உடனே பாறசாலை பூத்துக்கு போன் போட்டார். பூத்துக்காரர் ஆளைக் கூப்பிட ஓடினார். மாமா படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் சாமுவேல் மாமாவின் குரல் பயந்து பயந்து கேட்டது.

“எலே சாமுவேலே, பதினாலைக் கொண்டுபோய் மூணுக்குப் பக்கத்துல வச்சிருக்கியே, நீ நம்பர் படிச்சிட்டில்லியாலே? அதுக்க எடம் முதல் பேஸ் பக்கமாக்கும். அழாதே, எலே, சொல்லியதைக் கேளு. அடுத்த அறுப்பு எப்போ? யாரும் கல்லைத் தொடண்டாம். மூட்டு வலிச்சா வலிக்கட்டும். அடுக்க நான் வாறேன்.”